ஆறு மீட்டர் நாற்பது

புகார் எலோவின் மேல்.
திருடினாள் என்று இல்லை.
மென்பொருள் அவள் ஆய்வேட்டை மேய்ந்துவிட்டு
நூற்றுக்கு இரண்டு என்றது.
அந்த இரண்டும்
சதுப்பின் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர்.
குற்றம் வேறு:
அவள் யாரோடும் ஒத்துப்போகவில்லை.

தார்த்துவில் மார்ச் மாதம்.
ஜன்னலுக்கு வெளியே பனி
அழுக்குப் பஞ்சாய் ஒதுங்கிக் கிடக்கிறது.
மேசையில் கம்பு ரொட்டி, ஆறிய தேநீர்,
நேர்மைக் குழுவின் ஐந்து பேர்.
தலைமை நாற்காலி எனக்கு.
நடைவழிச் சுவரொட்டியின்
'உன் சொல்லை நீயே எழுது'
என் வாசகம்தான்.

"பதினான்காம் புள்ளியில்
கரியடுக்கின் ஆழம் ஆறு மீட்டர் நாற்பது.
ஐந்து ஆய்வேடுகள் சொல்கின்றன"
என்றார் அவளுடைய நெறியாளர் வல்தூர்.
"இந்தப் பெண் ஒன்பது பதினைந்து என்கிறாள்.
போகாமலே எழுதியிருக்கிறாள்.
ஐந்து பேருமா பொய் சொல்வார்கள்?"

ஐந்து பேர் இல்லை.
ஒருத்தி.

சதுப்பின் ஆழம் பார்ப்பது பெரிய வித்தை இல்லை.
மீட்டர் நீளக் கம்பிகளை
ஒன்றின் தலையில் ஒன்றாகத் திருகி
இறக்கிக்கொண்டே போக வேண்டும்
அடி தட்டும்வரை.
தொண்ணூற்று நான்கு, அக்டோபர்.
ஆலங்கட்டி மழை.
விரல்கள் என்னுடையவையாக இல்லை.
ஆறு கம்பி இறங்கியும் தட்டவில்லை.
ஏழாவது கொஞ்சம் போனதுபோல
நாற்பதைச் சேர்த்தேன்.
முழு எண் பொய்போல் இருக்கும்;
நாற்பது, நேரில் பார்த்தது மாதிரி.

அதன்பின் வந்தவர்களுக்கும் குளிர்ந்திருக்கும்.
உர்வே எடுத்தாள், அடிக்குறிப்போடு.
ராங்னார் எடுத்தான், உர்வேயிடமிருந்து.
அடுத்தவன் அடிக்குறிப்பையும் விட்டுவிட்டான்.
ஈயடிச்சான் காப்பி என்று சிரிக்கிறோமே,
தாளில் செத்து ஒட்டியிருந்த ஈயைப் பார்த்து
தன் தாளுக்கும் ஓர் ஈ தேடியவனை.
நான்கு தாள்களில் நான்கு ஈக்கள்.
மென்பொருள் அவர்களைப் பிடித்திருக்கலாம்,
ஒருவனைப் பிடித்தும் இருக்கிறது;
ஒரு பருவம் அவனை வெளியே நிறுத்தி
கையெழுத்துப் போட்டது நான்.
முதல் ஈக்கு மட்டும்
எந்தத் திரையிலும் நிறமில்லை.
அதற்கு நிகரே இல்லை.
சுத்தமான, சொந்தப் படைப்பு.

எலோ நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.
ஓரமெல்லாம் சேறு காய்ந்து
பக்கங்கள் அப்பளமாய் நொறுங்கின.
"மூன்று தடவை இறக்கினேன்" என்றாள்.
"அடியில் மணல்.
கம்பி உரசும் சத்தம் உள்ளங்கையில் கேட்டது."
உள்ளங்கையில் கேட்டதாம்.
அதை யாரிடமிருந்தும் எடுக்க முடியாது.
எனக்குக் கேட்டதே இல்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
'கருவிப் பிழையாக இருக்கலாம்' என்று
இரு தரப்புக்கும் வலிக்காமல்
ஒரு தீர்ப்பு நாக்கில் தயாராக இருந்தது,
அழகான வாக்கியம்.
இந்தக் குழுவில் எத்தனையோ முறை
கேட்டுப் பழகிய வாக்கியம்.
அதுவும் இரவல் என்று அப்போதுதான் தோன்றியது.

செயலரிடம் சொன்னேன்:
"குறித்துக்கொள்ளுங்கள்.
பதினான்காம் புள்ளியை நான் அளக்கவில்லை."
தட்டச்சுச் சத்தம் நின்றது.
வல்தூர் கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
"எப்படி எழுதுவது, அம்மா" என்றார் செயலர்.
"அப்படியே."

சுவரொட்டியின் கீழ்
எலோ மேலங்கி மாட்டிக்கொண்டிருந்தாள்.
நன்றி சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.
அளப்பவளின் கேள்விதான் கேட்டாள்:
"கம்பி போதாமல் போனதா அன்றைக்கு?"

இல்லை.
இன்னும் நான்கு துண்டு
பிர்ச் மரத்தில் சாய்த்து வைத்திருந்தேன்.
நாலு மணிக்குப் பேருந்து.